நாகப்பன் வெட்டிய இரண்டு ரீல்

தமிழ் சினிமா 1991-ஆம் வருடத் தொடக்கத்தில் திருந்திவிட்டது என்று நான் நம்பினேன். யாரும் சொல்லி நம்பவில்லை. என் கண்ணால் பார்த்து, ஆராய்ந்து, நானாகவே நம்பினேன். அந்த நம்பிக்கை நவம்பர் வரைக்கும் நீடித்தது. அதனால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

இது ஞாபகம் வந்ததற்குக் காரணம் போன மாதம் நான் பார்த்த மூன்று படங்கள். முதல் படம் தியேட்டரில். கதாநாயகன் படம் முழுக்க மெதுவாக நடந்து வருகிறார். எதையாவது எரித்துவிட்டு அதற்கு முன்னால் நடந்து வருகிறார், திரும்பிப் பார்ப்பதில்லை. நான் கம்பெனியில் தீயணைப்புப் பயிற்சி எடுத்தவன். எரிகிற பொருளுக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பது அதில் முதல் பாடம். அதனால் என்னால் படத்தோடு ஒன்ற முடியவில்லை. இரண்டாவது, பார்த்தவர்கள் எல்லோரும் அழுததாகச் சொல்லிக்கொண்ட கிராமத்துப் படம். நான் அழவில்லை. முன்வரிசையில் ஒருவர் அழுத சத்தத்தில் எனக்கு வசனம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி அவரைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது படத்தை வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தேன். வில்லன் ஏன் கெட்டவன் ஆனான் என்று ஒரு பின்கதை. அதற்குள்ளே வில்லனின் அப்பா ஏன் கெட்டவர் ஆனார் என்று இன்னொரு பின்கதை. தாத்தா வரைக்கும் போய்விடுவார்களோ என்று பயந்து, எழுந்துபோய் இரண்டு தோசை ஊற்றித் தின்றுவிட்டு வந்தேன். அப்போதும் அப்பாதான் ஓடிக்கொண்டிருந்தார். என்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னேன்: “நாகப்பண்ணே, வெட்டுங்க!”

நாகப்பன் யார் என்று சொல்ல வேண்டும்.

1991 என்றதும் ஸ்ரீபெரும்புதூரை உலகம் எதற்காக நினைவில் வைத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஒரகடம் பக்கத்தில் ஒரு டென்ட் கொட்டாயில் நடந்தது. உலகம் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் எனக்குத்தான் அவமானம்.

அப்போது ஒரகடம் சாலை இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கிக் காத்திருக்கும் அகலம்தான். ஏரி, வயல், ஏரி, திடீரென்று ஒரு கம்பெனி, மறுபடி வயல். எங்கள் கம்பெனி லாரிகளுக்கு பிரேக் சாமான்கள் செய்தது. எனக்கு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. அதாவது மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. காலையிலிருந்து மத்தியானம் வரை கட்டிங் ஆயில் நாற்றத்துக்கு நடுவில் நின்று, ஒவ்வொரு சாமானாக எடுத்து அளந்து, “இது சரியில்லை” என்று தூக்கிப் போடுவேன். இந்தப் பழக்கம் கையோடு நிற்காமல் சினிமாவுக்கும் பரவியது.

ஊர் திண்டுக்கல் பக்கம். அங்கே படித்த காலத்தில் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் ஆறு வெளிநாட்டுப் படம் பார்த்திருந்தேன். அதில் மூன்று புரிந்தது, மூன்று புரியவில்லை. புரியாத மூன்றும்தான் மிக நல்ல படங்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அந்த அறிவோடு வடக்கே வந்தேன்.

கொட்டாய்க்கு மணல் தரை. முன்னால் தரை டிக்கெட், நடுவில் பெஞ்ச், பின்னால் மடக்கு நாற்காலி. ஈர மணலும் பீடிப் புகையும் வறுத்த வேர்க்கடலையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது மழைக்குப் பிறகு கடலை வறுத்தால் எனக்கு டைட்டில் மியூசிக் கேட்கும். புரொஜெக்டர் ஒன்றுதான். அதனால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. ஆபரேட்டர் நாகப்பன் ரீல் மாற்றும் நேரத்தில் நாங்கள் முறுக்கு வாங்குவோம். காக்கி டவுசரும் முண்டா பனியனுமாக, வாயில் எந்நேரமும் வெற்றிலையோடு இருப்பார். யாரிடமும் பேசமாட்டார். பேசினால் துப்ப வேண்டியிருக்கும் என்பதால்.

சாயங்கால ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மடியில் டிபன் பாக்ஸ் வைத்திருப்பார்கள். இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “இந்தப் பக்கத்து ஆட்கள் ராத்திரிச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து சினிமா பார்க்கிறார்கள், அப்படி ஒரு ரசனை” என்று ஊரிலிருந்த நண்பனுக்கு எழுதினேன். அவனும் பதில் எழுதினான், நம் ஊர் ஆட்களுக்கு இதெல்லாம் வராது என்று.

வாரத்தில் இரண்டு நாளாவது போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக முடியாது. அன்று தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோளாறும் இந்தச் சாப்பாட்டில்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளில் நான் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். நம் டைரக்டர்கள் பின்கதை சொல்வதை நிறுத்திவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு மழையில் நின்று, “அது அப்போ நான் சின்னப் பையனா இருந்தப்போ…” என்று யாரும் ஆரம்பிப்பதே இல்லை. மூன்றாவது இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தால் கதை ஒரே தாவாகத் தாவிச் சண்டைக்குப் போய்விடுகிறது. ஒரு படத்தில் கதாநாயகிக்குக் கண் தெரியாது, மூன்றாவது இடைவேளைக்குப் பிறகு தெரிகிறது. ஆஸ்பத்திரி இல்லை, கட்டுப் பிரிக்கும் காட்சி இல்லை, முதலில் சாமியைத்தான் பார்க்க வேண்டும் என்ற வசனம் இல்லை. அவள் பாட்டுக்குப் பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினேன். இன்னொரு படத்தில் வில்லனுக்கு ஒரு கை இல்லாமல் போனது. எப்படிப் போனது என்று சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டதால் அந்தக் கை எவ்வளவு கனத்தது தெரியுமா!

இதையெல்லாம் கேன்டீனில் விளக்குவேன். எங்கள் லைனில் மெஷின் ஓட்டும் வேலு, அந்தப் பக்கத்து ஆள், என்னைவிட ஒரு பதினைந்து வயசு பெரியவர். சோற்றைப் பிசைந்தபடியே கேட்பார்.

“இன்னா பா சொல்ற, இவ்ளோ மேட்டரா கீது அதுல?”

“பின்னே என்னண்ணே. சொல்லாம விடுறதுலதேன் கலையே இருக்கு.”

“அப்டியா!” என்பார். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கண்ணடிப்பார். வடக்கத்தி மக்களுக்குக் கலைமேல் பிரியம் வந்தால் கண்ணடிப்பார்கள்போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா ஆரோக்கியசாமி எங்கள் கம்பெனியிலேயே ஸ்டோர் கீப்பர். வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கிராமத்தில் வீடு, அங்கேயே கோயில். நாங்களும் கத்தோலிக்கர்கள், அவர்களும் கத்தோலிக்கர்கள். பெண் பிலோமினா அந்தக் கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். மாமா நல்ல மனுஷர். பயமெல்லாம் அவருடைய அக்கா லூர்து அத்தையிடம்தான். அந்தக் குடும்பத்தில் எந்த வழக்கும் கடைசியில் அத்தையிடம்தான் போகும், அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. என் ரூமைப் பார்க்க வந்தபோது சுவரில் மாட்டியிருந்த போட்டோ முன்னால் நின்றார். நானும் ஏழு வயசுப் பையன் ஒருவனும் இருந்த போட்டோ.

“யாரு இந்தப் புள்ள?”

“அண்ணன் மகன், அத்தை.”

“அப்டியே உங்க ஜாடையா கீறான்” என்றார். சிரிக்கவில்லை.

எப்படியோ சம்மதம் ஆயிற்று. நவம்பர் கடைசி வாரத்தில் கல்யாணம். டிசம்பர் பிறந்தால், கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலம் தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் தேதி தவறக்கூடாது. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது. என் பெயரை மைக்கில் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வெள்ளிக்கிழமை கொட்டாயில் ஒரு குடும்பப் படம். கதாநாயகன் பேங்க் ஆபீசர். தங்கமான புருஷன். மனைவிக்குக் காலையில் காபி போட்டுக் கொடுக்கிறான். குரலை உயர்த்துவதில்லை. மூன்றாவது இடைவேளைக்குப் பிறகு விளக்கு அணைந்ததும் மனைவி பெட்டியோடு அழுதுகொண்டே தாய்வீட்டுக்குப் போகிறாள். ஏன் என்று சொல்லவில்லை. அவன் அமைதியாக நிற்கிறான். பிறகு ஒரு ரைஸ் மில்லில் சண்டை. பிறகு அவள் திரும்பி வந்து அவன் காலில் விழுகிறாள். கடைசியில் குடும்பப் போட்டோ எடுக்கிறார்கள். அதில் கணவன், மனைவி, நடுவில் ஏழெட்டு வயசில் ஒரு பையன். படத்தில் அதுவரைக்கும் அந்தப் பையனே கிடையாது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காரணமில்லாத கண்ணீர் என்பது பெண் மனத்தின் ஆழம். காரணமில்லாத பையன் என்பது எதிர்காலத்தின் குறியீடு. வழி நெடுகச் சைக்கிளில் யோசித்துக்கொண்டே வந்து ஒரு எருமை மாட்டின்மேல் இடித்தேன்.

மறுநாள் ஸ்டோருக்குப் போய் மாமாவிடம் சொன்னேன்.

“மாமா, கொட்டாய்ல ஒரு படம் ஓடுது. நாளைக்குத்தேன் கடைசி. எல்லாரையும் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. அசிங்கமா ஒரு சீன் கிடையாது.”

“அக்காவையும் இட்டுகினு போலாமா?”

“அத்தை கட்டாயம் பார்க்கணும், மாமா.”

மாமா கையுறைக் கட்டைக் கீழே வைத்தார். “அப்டி இன்னா மாப்ளே கீது அதுல?”

“அந்த ஹீரோவைப் பாருங்க மாமா. புருஷன்னா அப்படி இருக்கணும். நானெல்லாம் அச்சு அசல் அவன் மாதிரிதேன். ஒரு வித்தியாசம் கிடையாது.”

மாமாவுக்குச் சந்தோஷம். “அப்ப மாப்ளைய தனியா விசாரிக்கவே தேவயில்ல, படத்தப் பாத்தாலே போதும்னு சொல்லுங்க” என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். சாயங்காலம் மாமா குடும்பம் அத்தையோடு மாட்டு வண்டி மாதிரி ஒரு டெம்போவில் ஏறிக் கொட்டாய்க்குப் போனதாகக் கேள்வி. நான் தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கள்கிழமை கேன்டீனில் எதிர்காலத்தின் குறியீட்டை வேலுவுக்கு விளக்கினேன். அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

“இன்னா பா உளர்ற? அது அவன் புள்ள பா.”

“எவன் புள்ள?”

“ஹீரோ புள்ள. அவனுக்குத்தான் கோயமுத்தூர்ல மொத சம்சாரம் ஒண்ணு கீதே. அத்த மறச்சிட்டுதான இவள கட்டிகினான். நேத்து பாத்தனே நானு.”

“நான் வெள்ளிக்கிழமை பார்த்தேன்ணே. அதுல அப்படி எதுவும் இல்ல.”

“வெள்ளிக்கெழமை எப்டி இருக்கும்? சி ஷிப்டு வெட்டுல போயிருக்கும்.”

“என்ன வெட்டு?”

வேலு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, மத்தியானம் மணி அடித்தால் சாப்பாடு என்று விளக்குகிற மாதிரி விளக்கினார். ராத்திரி ஷிப்டுக்காரர்களை ஏற்றும் கம்பெனி பஸ் கூட்டுரோட்டில் ஒன்பதேகாலுக்கு வந்துவிடும். படத்தை முழுசாக ஓட்டினால் பஸ் போய்விடும். அதனால் ஷிப்டு உள்ள நாட்களில் மூன்றாவது இடைவேளைக்குப் பிறகு நாகப்பன் இரண்டு ரீலை மாட்டாமல் விட்டுவிடுவார். பாட்டை வெட்டினால் கொட்டாயைக் கொளுத்திவிடுவார்கள். சண்டையை, காமெடியை, கிளைமாக்ஸைத் தொட முடியாது. மிச்சம் இருப்பது பின்கதைதான். அதைத் தூக்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை லீவு, பஸ் கிடையாது. அன்றைக்கு முழுப் படம். டிபன் பாக்ஸெல்லாம் ராத்திரி வேலைக்குப் போகிறவர்களுடையது.

“இது எல்லாருக்கும் தெரியுமாண்ணே?”

“அந்தக் கொட்டாய் நாய்க்குக்கூடத் தெரியும்.”

“ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக்கூடாதா?”

“நீ காமெடி பண்றன்னுல்ல நெனச்சிகினு இருந்தோம். ரொம்ப நல்லா பண்ணிகினு இருந்த பா” என்றார். உண்மையான மரியாதையோடுதான் சொன்னார்.

நான் சோற்றை மூடி வைத்தேன். கலை போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் மாமாவிடம் சொன்ன வாக்கியம் காதில் ஓடியது. அச்சு அசல் அவன் மாதிரிதேன். ஒரு வித்தியாசம் கிடையாது.

உடனே ஸ்டோருக்கு ஓடினேன். தேவையே இல்லாமல் ஒரு ஜோடி கையுறை கேட்டேன். மாமா என்னைப் பார்த்தார். கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையுறையை மேஜைமேல் தள்ளிவிட்டார். முகம் வீங்கிப்போயிருந்தது. ராத்திரி முழுக்கக் கோபத்தில் தூங்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை போனேன், அதேதான். புதனும் வியாழனும் அதே. அந்த வாரம் என்னிடம் நாலு ஜோடி கையுறை சேர்ந்தது. மாமாவுக்கு என்ன என்று பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், “உனக்குத் தெரியாதா, உன்னைப் பற்றித்தான்” என்று சொல்லிவிடுவார்களோ என்று கேட்கவில்லை.

அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு முன்னாலேயே கல்யாணம் ஆகவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வியாழக்கிழமை வாக்கில் அதில் எனக்கே ஒரு சின்னச் சந்தேகம் வந்துவிட்டது. கோயமுத்தூருக்கு நான் எப்போதெல்லாம் போனேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே தடவை, பேங்க் பரீட்சை எழுத. பேங்க்! சுவரில் அண்ணன் மகன் போட்டோ என்னைப் பார்த்துச் சிரித்தது. அத்தை அதன்முன் நின்றது ஞாபகம் வந்தது. அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அது இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெள்ளையாகத் தெரிந்தது. இப்போதுதான் சந்தேகமாக இருக்கிறது என்று தோன்றியது. அந்த இடத்தில் மாதா காலண்டரை மாட்டினேன். மாதா கையிலும் ஒரு பையன். அதையும் கழற்றினேன்.

வெள்ளிக்கிழமை கொட்டாய்க்குப் போனேன், பழக்கதோஷம். மூன்றாவது இடைவேளைக்குப் பிறகு கதை தாவியது. என்னைச் சுற்றி டிபன் பாக்ஸ்காரர்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தில் எந்தத் தப்பை யார் செய்தார்கள் என்று தெரியாமலேயே எல்லோரும் மன்னிக்கப்பட்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. கோயிலில் பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம், எல்லோருக்கும் பாய். நான் பின்வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மாமா முன்னால் கர்ச்சீப்போடு. அத்தை இடது பக்கத்தில், வரிசைக்கு நடுவில். அந்த வயசிலும் நிமிர்ந்துதான் உட்காருவார். பிரசங்கம் முடிந்து, ஃபாதர் மைக்குக்கு வந்து என் பெயரையும் பிலோமினா பெயரையும் வாசித்தார். “இது மூன்றாம் முறை அறிவிப்பு” என்றார். “தடை ஏதேனும்” என்றார்.

அத்தை எழுந்தார்.

முதலில் கையை ஊன்றினார், பிறகு ஒரு முட்டியை மடக்கினார், பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைப் பிடித்து முழுசாக எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். அவர் பேச ஆரம்பித்தால் எல்லாம் முடிந்தது. எனக்கு அதற்குமேல் எதுவும் ஓடவில்லை. நான் எழுந்து நின்றேன். கோயில் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னேன்:

“சாமி, எனக்கு வேற பொண்டாட்டி கிடையாது! அந்தப் பையன் எங்கண்ணன் பையன்!”

அந்த அமைதியை நான் அதற்குப் பிறகு எந்த சினிமாவிலும் கேட்டதில்லை. எங்கோ ஒரு குழந்தை ஜால்ராவைக் கீழே போட்டது. அத்தை வாயை மூடிக்கொண்டார். மூடவில்லை, மூட மறந்துவிட்டார்.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்கு ஃபாதர் கூப்பிட்டார். அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டார்.

“தம்பி, எந்தப் பையன்?”

சொன்னேன்.

“உனக்கு வேற கல்யாணம் ஆயிருக்குன்னு யாராவது சொன்னாங்களா?”

“இல்லைங்க சாமி.”

“நான் கேட்டேனா?”

“இல்லைங்க சாமி.”

“ஓலை வாசிக்கிறப்போ மாப்பிள்ளையே எழுந்து நின்னு நான் பார்த்ததில்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். “உனக்குக் கல்யாணம் ஆகலன்னு உன் ஊர்ப் பங்கு சாமியார்கிட்ட இருந்து ஏற்கெனவே சான்று வாங்கி வெச்சிருக்கேன். இப்ப சபை முன்னால நீ இப்படிச் சொன்னப்புறம், மறுபடி எழுதிக் கேக்காம நான் தாலிய எடுத்துக் குடுக்க முடியுமா, சொல்லு? பதில் வரட்டும்.”

“திருவருகைக் காலம் வந்துருமே, சாமி.”

“வரும். அது ஆண்டவர் வர்ற காலம். நீ காத்திருந்தா தப்பில்ல” என்றார்.

வெளியே சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் பிலோமினா நின்றுகொண்டிருந்தாள். நிச்சயமான பிறகு எங்களை இரண்டு வார்த்தைக்கு மேல் பேச விட்டதில்லை. அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று ஊரே பார்த்தது.

“இன்னாத்துக்குங்க எழுந்தீங்க?” என்றாள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏறினவனைக் கேட்கிற குரல்.

“உங்க அத்தை எழுந்தாங்கல்ல.”

“அத்தைக்குக் கால் மரத்துப்போச்சு. யம்மான்னு கத்த வாயத் தெறந்தாங்க. அதுக்குள்ள நீங்க கத்திட்டீங்க.”

நான் சைக்கிள் மணியைப் பிடித்துக்கொண்டேன். “அப்போ படம் பார்த்த கோபத்துல இல்லையா?”

“எந்தப் படம்?”

“பேங்க் ஆபீசர் படம். அவன் மாதிரிதேன் நான்னு உங்கப்பாகிட்டச் சொன்னேனே.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் இன்னொரு தடவை பயந்தேன்.

பதில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்தது. அண்ணன் தாம்பரத்திலிருந்து தன் மகனையும் மனைவியையும் கூட்டி வந்து அத்தை முன்னால் நிறுத்தினார். அத்தை பையனின் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவன் அம்மா ஜாடை” என்று தீர்ப்பு சொன்னார். தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் ஃபாதர், “வேற ஏதாவது சொல்லணுமா?” என்று என் காதருகில் கேட்டார்.

கொட்டாய் நாலைந்து வருஷத்தில் போய்விட்டது. கூரையை விற்றார்கள், புரொஜெக்டரை வாலாஜாபாத் பக்கம் யாரோ வாங்கிப் போனார்கள். நாகப்பன் எங்கே போனார் என்று தெரியவில்லை. மணல் தரை இருந்த இடத்தில் இப்போது புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு நீள நீள லாரிகள் வரிசையாக நிற்கின்றன. வேலு மறைமலை நகரில் மகன் வீட்டில் இருக்கிறார், போனில்தான் பேச்சு. ராத்திரி ஷிப்டுப் பிள்ளைகள் இப்போது வேனில் போகிறார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு படம். யாருக்காகவும் யாரும் ரீலை எடுத்து ஓரமாக வைப்பதில்லை. ஐம்பது அறுபது பேர் ஒரே படத்தை ஒரே மாதிரி அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஒரே பஸ்ஸில் ஏறி, அதில் விட்டதை ஆளுக்கொரு விதமாக இட்டு நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போன காலம் அது. அந்தப் படத்தின் பெயரும் எனக்கு மறந்துவிட்டது. பிலோமினாவைக் கேட்டால் அவளுக்குத் தெரிய வழியில்லை என்கிறாள். அது நியாயம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இவ்வளவுதான். படம் தொடங்கும் முன்பே மாமா கமர்கட்டு வாங்கிக் கடித்தார். கடைவாய்ப் பல் இரண்டாக உடைந்தது. வலி தாங்காமல் அவர் எழுந்தார், அவரோடு குடும்பமே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் யாரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.